மங்கு மறைந்த முகம்

மதியச் சாப்பாட்டோடு வந்தவள், கணவனின் மருந்துக்கடைப் பக்கவாசலிலேயே நின்றுவிட்டாள்.

கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஓர் இளம்பெண். துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாள். கையில் ஒரு காலி டியூப்.

நீலமும் வெள்ளையுமாய் இருந்த அந்த டியூபை இவளுக்குத் தெரியும்.

பத்து மாதமாக, மாதத்துக்கு ஒன்று. இதே கடையிலிருந்து கணவன் பொன்ராஜ் கொண்டுவந்து தருவது.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு படர்ந்தது. கல்யாண வீடுகளில் படம் எடுக்கும்போது பொன்ராஜ் கொஞ்சம் தள்ளி நிற்க ஆரம்பித்தான். இவளாகவே பின்வரிசைக்குப் போய்விட்டாள். அப்புறம் ஒருநாள் அவனே இந்த மருந்தோடு வந்தான். பக்கத்தில் உட்காரவைத்து, தன் விரலாலேயே தடவிவிட்டான்.

அந்த விரலுக்காகவே இவள் எல்லாவற்றையும் மறந்தாள்.

மூன்று வாரத்தில் மங்கு போன இடம் தெரியவில்லை. தங்கையிடம் போனில் பெருமையடித்துக்கொண்டாள். "மருந்துக்கடைக்காரர் பொண்டாட்டின்னா சும்மாவா?"

அந்தப் பெண் துப்பட்டாவை விலக்கினாள். கன்னங்கள் வெந்துபோனதுபோல் சிவந்திருந்தன.

"பார்லர்ல குடுத்தாங்கண்ணே. இன்னொண்ணு வேணும். போடாட்டி எரியுது."

பொன்ராஜ் டியூபை வாங்கிப் பார்த்தான். முகத்தில் உண்மையான வருத்தம்.

"இத மூஞ்சில போடலாமா தாயி? ஸ்டீராய்டு இது. தோலு காகிதமாட்டம் ஆயிரும். தாடையில முடி மொளைக்கும். நிப்பாட்டுனா முன்னயவிடக் கறுத்துப்போகும். வெவரம் தெரிஞ்சவன் எவனும் இத மங்குக்குக் குடுக்க மாட்டான். நேரா தோல் டாக்டர்ட்ட போ."

இவள் கை தாடைக்குப் போனது.

போன மாதம் அங்கே நாலு முடி பிடுங்கினாள். அடுப்படியில் நின்றால் கன்னம் காந்துகிறது என்று அவனிடம் சொல்லவும் செய்தாள்.

"ஒனக்குச் சூட்டு ஒடம்பு. மோர் குடி" என்றான்.

அன்றைக்கும் குரலில் தடுமாற்றம் இல்லை. இப்போதும் இல்லை.

போகத் திரும்பிய பெண் இவளைப் பார்த்தாள். பார்வை கன்னத்தில் நின்றது.

"ஒங்க மூஞ்சி எவ்ளோ சுத்தமா இருக்குக்கா. நீங்க என்ன போடுறீங்க?"

அப்போதுதான் பொன்ராஜும் திரும்பினான்.

கண்ணால் ஏதோ சொன்னான். கெஞ்சலா, மிரட்டலா, தெரியவில்லை. பதினோரு வருடத்தில் இப்படி ஒரு பார்வையை இவள் பார்த்ததில்லை.

சாப்பாட்டுப் பையைக் கவுன்டரில் வைத்தாள். பொன்ராஜ் கையிலிருந்த காலி டியூபை எடுத்து அந்தப் பெண்ணிடம் காட்டினாள்.

"இதேதாம்மா. பத்து மாசமா."

பெண்ணுக்கு விளங்கவில்லை. "யாருக்கா குடுத்தா?"

இவள் கணவனைப் பார்த்தாள். பொன்ராஜ் சாப்பாட்டுப் பையை ஓரமாக நகர்த்திவைத்தான். பெண் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு துப்பட்டாவை மெல்ல முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

"அந்தத் தோல் டாக்டர் எங்க இருக்காரு?" இவள் கணவனிடம் கேட்டாள். "நானும் இவ கூடப் போறேன்."

பொன்ராஜ் வழி சொன்னான். எந்த பஸ், எந்த நிறுத்தம், எத்தனை மணிவரை பார்ப்பார் என்று எல்லாம் சொன்னான்.

அந்தப் பெண்ணைப் பார்த்தே சொன்னான்.