காதுக்குப் பின்னால் ஒரு மச்சம்

முடிதிருத்தும் கடையின் கதவு பாதி சாத்தியிருக்கிறது. வாடிக்கையாளர் நாற்காலியில் இன்று கடைக்காரரின் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். புற்றுநோய் மருந்தால் கொத்துக் கொத்தாக உதிரும் முடியை மொத்தமாக எடுத்துவிடச் சொன்னவள் அவள்தான். கழுத்தைச் சுற்றிய வெள்ளைத் துணியின் மேல் காலை வெயில் விழுகிறது. முடிவெட்டும் மெஷினோடு கணவர் பின்னால் நிற்பது கண்ணாடியில் தெரிகிறது. நோய் என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டு ஜெபத்தில் அவர் வாயே திறப்பதில்லை. அவள் ஜெபிக்க, ஆமென் மட்டும் சொல்கிறார். நோயைவிட அதுதான் அவளுக்குப் பெரிய கவலை. “வர்றவங்ககிட்ட எல்லாம் வாய் ஓயாம பேசுவீங்க, எனக்கு மட்டும் மௌன விரதமா?” என்கிறாள். “நம்ம தலைமுடியைக்கூட ஆண்டவர் எண்ணி வச்சிருக்கார்னு பைபிள்ல இருக்கு. நீங்க இப்போ அவர் கணக்கையே கலைக்கப் போறீங்க.”

“கழிச்சுக்குவார், விடு” என்கிறார். அவருக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. மெஷின் முனகுகிறது, முடி சத்தமில்லாமல் தரையில் விழுகிறது. வலது காதுக்குப் பின்னால் வந்ததும் அவர் கை நின்றுவிடுகிறது. “என்னங்க?” “இங்க ஒரு மச்சம். இத்தனை வருஷத்துல நான் பார்த்ததே இல்லையே!” “எனக்கே தெரியாதே.” அவர் மச்சத்தின் மேல் விரலை வைக்கிறார். “முடியை எண்ணி வச்சவருக்குத் தெரிஞ்சிருக்கும்” என்கிறார் மெல்ல. மெஷின் அணைகிறது. கண்ணாடிக்குள் அவர் கண்கள் மூடுகின்றன. “ஆண்டவரே...” என்று அவர் குரல் தட்டுத் தடுமாறிப் புறப்படுகிறது. அவள் மூக்கு நுனியில் ஒட்டிய முடி அரிக்கிறது. அவர் சொல்லி முடிக்கட்டும் என்று அவள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்.