சேவைக்கு இருபது புள்ளி

"இது என்ன தம்பி, கோப்பா, சீமெந்து மூட்டையா?"

நிதுர்ஷன் மேசையில வைச்ச கோப்பைப் பாத்துத்தான் பேராசிரியர் நல்லரத்தினம் அப்பிடிக் கேட்டார். கேட்டது முழுச் சந்தோஷத்தோட.

எங்கட கம்பஸில 'மாணவர் தலைமைத்துவமும் சேவையும்' விருதுக்கு நேர்முகம். அவர்தான் தலைவர். மற்ற உறுப்பினர் ரெண்டு பேரும் பெண் விரிவுரையாளர்கள். தலையாட்டத்தான் வந்தவங்க. குறை சொல்லக்கூடா, நல்லாவே ஆட்டினாங்க. நான் கூட்டக் குறிப்பு எழுதுற கிளாக். விருது எடுக்கிற ஆளுக்கு ஒரு வருஷத்துக்குப் போதனாசிரியர் வேலையும் சேந்து கிடைக்கும்.

நிதுர்ஷன் மாணவர் சங்கத் தலைவர். கோப்புக்குள்ள நூற்றிப் பன்னிரண்டு படம்.

"இது கிரான் வெள்ள நிவாரணம் சேர்."

ஒரு பார்சல். அதைப் பிடிச்சபடி ஒன்பது பேர். எல்லாரும் கமராவைப் பாத்துச் சிரிக்கிறாங்க. பார்சலை வாங்கின மனிசிர முழங்கை மட்டும் படத்தில விழுந்திருக்கு.

"இது உன்னிச்சையில மரம் நட்டது."

ஒரே மரக்கன்று. மூணு படத்தில மூணு பேர் நட்டிருக்காங்க.

"இது வாவிக்கரைச் சிரமதானம்."

"பின்னால இருக்கிற படமும் அதே இடமா இருக்கே?"

"ஓம் சேர். முதல் நாள் நாங்க சாப்பிட்டுப் போட்ட லஞ்ச் சீற்றைப் பொறுக்க, அடுத்த கிழமை திரும்பவும் போனம்."

"பாத்தீங்களா, தொடர்ச்சியான சேவை!" எண்டார் பேராசிரியர்.

தலைகள் ஆடிச்சு. சேவைக்குரிய இருபது புள்ளியும் முழுசா விழுந்திச்சு. மொத்தம் எண்பத்தாறு.

அடுத்தது ஸுஹைனா. ஓட்டமாவடிப் பிள்ளை. கையில சான்றிதழ் நாலைஞ்சும் தோளில ஒரு பையும்தான்.

"சேவை எண்ட இடத்தில 'குப்பி' எண்டு எழுதியிருக்கீங்க. அது சேவையா?"

குப்பி எண்டா கம்பஸ் வாசலை மிதிச்ச எல்லாருக்கும் தெரியும். சோதனை கிட்ட வரக்குள்ள, பாடம் விளங்கின பிள்ளை விளங்காத பிள்ளைகளைக் கூட்டி வைச்சுப் படிச்சுக் குடுக்கிறது. சம்பளம் இல்ல. படம் எடுக்கவும் ஆள் வாறல்ல.

"மூணு வருஷமா புள்ளிவிபரவியல் படிச்சுக் குடுக்கன் சேர். ரிப்பீட் பிள்ளைகளுக்கு. ஞாயிற்றுக்கிழமைகள்ல."

"படம்?"

"இல்ல சேர்."

"பேனர்?"

"இல்ல சேர்."

"கிராம சேவகர்ர கடிதமாவது?"

"குப்பிக்குக் கிராம சேவகர் என்னத்துக்கு சேர்?"

எனக்குச் சிரிப்பு வந்திட்டு. இருமலா மாத்தினன்.

"அப்ப, ஆர் ஆர் படிக்க வந்தாங்க எண்டதுக்கு என்ன சான்று?"

"வந்தவங்கட பேரெல்லாம் ஒரு கொப்பியில எழுதி வைச்சிரிக்கன்."

"தாங்க பாப்பம்."

"தர ஏலா சேர்."

எழுதிக்கொண்டிருந்த நான் நிமிந்து பாத்தன்.

"எல்லாம் பெயிலான பிள்ளைகள் சேர். பேர் வெளிய போகாதெண்டு வாக்குக் குடுத்துத்தான் கூப்பிட்ட. தெரிஞ்சா வெக்கத்தில ஒருத்தரும் வரமாட்டாங்க."

பேராசிரியர் கண்ணாடியைக் கழட்டினார். பெருந்தன்மை காட்டப் போறார் எண்டதுக்கு அதுதான் அடையாளம்.

"இஞ்ச பாருங்க பிள்ள. மற்றதெல்லாம் சேத்து உங்களுக்கு எழுபத்திநாலு. சேவைக்குரிய இருபது மட்டும்தான் வெறுமையாக் கிடக்கு. கொப்பி வேணாம். ஒரு பேர் சொல்லுங்க. ஒரேயொரு பேர். நான் கூப்பிட்டு விசாரிச்சு, இருபதையும் போடுறன். விருதும் உங்களுக்கு, வேலையும் உங்களுக்கு."

ஸுஹைனா அவர்ர முகத்தைக் கொஞ்ச நேரம் பாத்தா. வாயைத் திறந்தா. மறுகா தலையைக் குனிஞ்சிட்டா.

"ஏலா சேர்."

எனக்கு விசர் வந்திட்டு. தகப்பன் இல்ல, தாய் தையல் மெசினோட மல்லுக்கட்டுறா, பின்னால ரெண்டு தம்பிமார். எல்லாம் அவட விண்ணப்பத்திலயே இருக்கு. அந்த வீட்டுக்கு இந்தப் பிடிவாதமா சோறு போடப் போகுது? ஒரு பேரைச் சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்திடுமா?

அவ வெளிய போனதும் பேராசிரியர் சேவைக்கு ஒரு பெரிய சைபரைப் போட்டார். சும்மா போடல்ல, விரிவுரையோட போட்டார்.

"இந்தக் குப்பிக்குப் போற பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டன். அதுகளைப் பெத்ததுகளைத்தான் சொல்லுவன். பிள்ளை ரெண்டு தரம் பெயில். அது கூடத் தெரியாம என்ன தாய் தகப்பன்?"

ரெண்டு தலையும் ஆடிச்சு. நான் குறிப்பில எழுதினன்: நிதுர்ஷன், ஏகமனதாக.

பாத்தா, ஸுஹைனா சான்றிதழ்களை மேசையிலயே விட்டிட்டுப் போயிருக்கா. எடுத்துக்கொண்டு கீழ ஓடினன். குடுக்கிற சாட்டில நாலு பேச்சுப் பேசவும்தான்.

"ஏன் தங்கச்சி, கையில வந்த வேலையை இப்பிடி உதறிப் போட்டீங்களே?"

"பரவால்ல அண்ணன்" எண்டா. கண் கலங்கித்தான் இருந்திச்சு.

அந்த நேரம், மரத்துக்குக் கீழ நிண்ட பேராசிரியர்ர காரில இருந்து ஒரு பொம்பிளப் பிள்ளை இறங்கி ஓடி வந்திச்சு. என்னைக் கவனிக்கவேயில்ல. ஸுஹைனாட ரெண்டு கையையும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு கேட்டிச்சு:

"அக்கா, அப்பாட்ட என்ட பேரைச் சொல்லல்லதானே?"