பொன்னுத்தாயின் குரல்

காணாமல்போன கணவன் வைரமணியைத் தேடி, மலைமீட்புக் குழுவின் தன்னார்வலரான பொன்னுத்தாயே கிளம்பிப் போனாள். மூடுபனிக்குள் "ஏங்க!" என்று கூவியவள், பதில் வந்த பள்ளத்துக்குள் கயிற்றை இறக்கினாள்.

"போயிரு! ரெண்டு நாளா ட்ரோனு உன் குரல்லதான் கூப்பிடுது. அத நம்பித்தான் உள்ள விழுந்தேன்."

"நெசமாவே நான்தாங்க. கயித்தப் புடிங்க!"

"அப்ப, கல்யாணத்தன்னிக்கு உன் காதுல என்ன சொன்னேன்?"

காணாமல்போனவர் நம்பிப் பதில் தரட்டும் என்று, வீட்டார் குரலையும் அந்தரங்கத்தையும் ட்ரோனில் பதிந்து அனுப்புவது குழுவின் வழக்கம். எத்தனையோ வீடுகளில் கேட்டு வாங்கியவள், இந்த முறை தன்னுடையதை ஒன்றுவிடாமல் கொடுத்திருந்தாள்.

சொன்னாள்.

"அதுவும் இதையேதான் சொல்லுச்சு."

கயிற்றைப் பிடித்தபடியே ஓவென்று அழுதாள்.



"அதுவும் அழுதுச்சு" என்றான்.