பச்சை வாளியில் பூ

மேகலா வீட்டை விட்டுப் போன பிறகுதான் பரசுராமன் குப்பையைப் பிரிக்கத் தொடங்கினான். அவள் இருந்த ஒன்பது வருடமும் வாழைப்பழத் தோலையும் பழைய பிளேடையும் ஒரே கவரில் திணித்து அவளிடம் திட்டு வாங்கியவன். இப்போது குப்பை வண்டியின் விசிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்து, பச்சை வாளியில் ஈரக் குப்பையையும் நீல வாளியில் உலர்ந்ததையும் போட்டு, மூன்று தரம் திறந்து பார்க்கிறான். வண்டியோடு வரும் பொற்கொடி வாசலில் வைத்தே வாளியைக் கிளறுவாள். கலந்திருந்தால், "வீட்ல அக்கா இல்லியா சார்?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து அவன் பால் கவரைக் கழுவிக் காயவைத்தான். தனியாள் சமையல் என்று தோல் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று இரண்டு பேருக்குக் காய் நறுக்கினான். மேகலா விட்டுப்போன ஷாம்பூ பாக்கெட்டுகளை வாரம் இரண்டாகக் கிழித்து, ஷாம்பூவைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, காலிப் பாக்கெட்டை நீல வாளியில் போட்டான். தினமும் ஒரு முழம் மல்லிகை வாங்கி, மேசைமேல் வாடவிட்டு, காலையில் பச்சை வாளியில் மேலாகத் தெரியும்படி வைத்தான். இன்று பொற்கொடி எதையும் கிளறவில்லை. பூச்சரத்தை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்குள் எதிர்வீட்டு அம்மா தன் வாளியோடு வந்து நின்றாள். பொற்கொடி சரத்தைச் சுருட்டிக் காய்த் தோலுக்கு அடியில் செருகிவிட்டு, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "பத்து நாளா பாக்குறேன் சார். பூவுல ஒத்த முடிகூட இல்ல."