சட்டித்தலையன்

கடைசி உயிர்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரல் வியர்த்து வழுக்கியது. துப்பட்டாவில் துடைக்கக்கூட நேரமில்லை.

திரையில் சட்டித்தலையன் ஓடிக்கொண்டிருந்தான். விளையாட்டைச் செய்தவர்கள் அவனுக்கு என்ன பெயர் வைத்தார்களோ. இரும்புத் தொப்பியோடு அலைந்ததால் அக்காவும் தம்பியுமாகச் சின்ன வயதில் வைத்த பெயர் அது.

"குனி யக்கா! குண்டு வருது, குனி!"

இசக்கி கத்தினான். தம்பி. நாற்பதைத் தொடப்போகிறான், முன்மண்டை பளபளக்கிறது. அவனுடைய உயிர்கள் எல்லாம் முதல் ஆற்றிலேயே மூழ்கிப் போயிருந்தன.

பரணிலிருந்து அந்தப் பழைய வீடியோ கேமை இறக்கியவன் அவன்தான். கேசட்டை உருவி, வாயருகே வைத்து, உஃப் என்று ஊதினான். படம் வரவில்லை. இன்னொரு முறை ஊதினான். வந்துவிட்டது.

சாயங்காலம் அவனுக்கு ரயில். அதற்குள் விளையாட்டின் முடிவில் வரும் கோட்டைக் கதவைத் திறந்தாக வேண்டும்.

பள்ளிக்கூட நாட்களில் ஒரு தடவைகூட அந்தக் கதவு திறந்ததில்லை. உள்ளே ராணி இருக்கிறாள் என்பான் இசக்கி. போடா, இன்னொரு கதவுதான் இருக்கும் என்பாள் அவள்.

ஆட விட்டால்தானே!

அப்பாவுக்கு அனல் மின் நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. பகல் ஷிஃப்ட் என்றால் சாயங்காலம் வீட்டுக்கு வருவார். கேட் கொண்டி ணங்கென்று விழும். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சுவிட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, புத்தகத்தை விரித்துவிட வேண்டும்.

அவர் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். நேரே போய் டி.வி.யின் முதுகில் கை வைப்பார்.

சூடாக இருந்தால் முடிந்தது கதை.

ஈரத் துண்டு போட்டுப் பார்த்தார்கள். விசிறியால் வீசிப் பார்த்தார்கள். டி.வி.க்கு அவ்வளவு பணிவிடை செய்த பிள்ளைகள் அந்தத் தெருவிலேயே கிடையாது.

நைட் ஷிஃப்ட் வாரம் இன்னும் மோசம். பகல் முழுக்க அப்பா உள்ளறையில் தூங்குவார். டி.வி. பக்கம் தலைவைக்க முடியாது.

அந்த வாரங்களில்தான் அந்த மர்மம்.

பள்ளி விட்டு வந்ததும் அவள் பூனைபோல நடந்து போய் வீடியோ கேமின் அடாப்டரைத் தொட்டுப் பார்ப்பாள்.

சுடும்.

அவள் இல்லாத நேரத்தில் யாரோ ஆடியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ? இசக்கிக்குப் பள்ளி சீக்கிரமே விட்டுவிடும். முழங்கைக்கு மேலே, சதையாகப் பார்த்து ஒரு கிள்ளு. சாவி கொடுப்பதுபோலத் திருகி.

"சத்தியமா நான் இல்ல யக்கா!"

கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தான். பொய்ச் சத்தியத்துக்காக இன்னொரு கிள்ளு வாங்கினான்.

அம்மாவிடம் நியாயம் கேட்டால், "நான் எதக் கண்டேன்" என்று தலை நிமிராமல் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருப்பாள்.

இன்று காலையில்கூட அந்தப் பேச்சு வந்தது.

"ரெண்டு புள்ளைக்குத் தகப்பனாயிட்ட. இப்பவாவது உண்மையச் சொல்லுல."

"எரிச்சுச் சாம்பலாக்குனாலும் நான் இல்லதான்" என்றான் இசக்கி. சிரிக்காமல் சொன்னான். அதுதான் அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

கதவு வந்துவிட்டது.

கறுப்புக் கதவு. அதற்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு, மினுக் மினுக்கென்று. சட்டித்தலையன் கதவைச் சுட்டான். சுட்டான். சுட்டுக்கொண்டே இருந்தான்.

"விடாத யக்கா! விடாத!"

ணங்.

கேட் கொண்டி.

அவள் யோசிக்கவே இல்லை. கை தானாகப் பாய்ந்தது. சுவிட்ச் அணைந்தது. திரை இருண்டது. இசக்கி ஒயரைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்திருந்தான்.

அப்புறம்தான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

போச்சு. கடைசி உயிரும் போச்சு.

அப்பா உள்ளே வந்தார். இசக்கி ரயிலில் கொண்டுபோக வாங்கிய மக்ரூன் பொட்டலத்தை மேசையில் வைத்தார். நேரே டி.வி.யிடம் போனார்.

சுவரோடு ஒட்டிய தட்டை டி.வி. அதற்கு ஏது முதுகு? இருந்தாலும் இடுக்கில் விரலை நுழைத்துத் தொட்டுப் பார்த்தார்.

அக்காவும் தம்பியும் எழுந்து நின்றிருந்தார்கள்.

அவர் குனிந்து, தரையில் கிடந்த வீடியோ கேமிலிருந்து கேசட்டை உருவினார். அதில் ஒட்டியிருந்த சட்டித்தலையனின் படத்தைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். உதட்டோரம் என்னவோ நெளிந்தது.

"கதவையா சுட்டுக்கிட்டுக் கெடந்தீய?"

இசக்கி முதுகுக்குப் பின்னால் ஒயரை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"மேல செவப்பு லைட்டு தெரியும்லா. எம்பிக் குதிச்சு அதச் சுடணும்."

அவருடைய கட்டைவிரல் காற்றில் இரண்டு தரம் அழுத்திக் காட்டியது.

பிறகு அந்தக் கட்டைவிரலை அவரே பார்த்தார். சட்டென்று மடக்கிக்கொண்டார்.

"என்னா வெயிலு" என்று சொல்லியபடி மின்விசிறியைப் போடப் போனார். அது ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது.

அடுக்களையிலிருந்து அம்மாவின் சிரிப்பு வந்தது. பல வருஷமாக அடக்கிவைத்திருந்த சிரிப்பு. நிற்கவே இல்லை.

இசக்கி முழங்கைக்கு மேலே மெல்லத் தடவிக்கொண்டான். அக்காவைப் பார்த்தான்.

அவள் அப்பாவின் கையிலிருந்து கேசட்டை வாங்கினாள். உஃப் என்று ஊதி மாட்டினாள்.

அப்புறம் சுடிதார் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடி, கையைத் தம்பியின் பக்கமாக நீட்டினாள்.