நண்டு அடக்கி வைத்த கைதட்டல்

நண்டு குளக்கரைக் கபடி அணியின் தீவிர ரசிகன். ஆனால் மூன்று வருடங்களாக அதற்கு ஒரு ரகசியம் இருந்தது. எதிரணியான ஆற்றங்கரைக்கு ஆடும் வெட்டுக்கிளியை அதற்கு மிகவும் பிடிக்கும். வெட்டுக்கிளி எல்லார் தலைக்கும் மேலாகத் தாவித் தப்பிக்கும்போதெல்லாம், நண்டு தன் கொடுக்குகளைச் சேற்றில் புதைத்துக்கொள்ளும். தெரியாமல் கைதட்டிவிட்டால், பக்கத்தில் உட்காரும் தவளை தன்னோடு பேசுவதையே நிறுத்திவிடும். நண்டுக்கு இருந்த ஒரே சிநேகிதம் அது.

இந்த வருட ஆட்டக்காரர்கள் ஏலம் முடிந்ததும் தவளை ஓடி வந்தது.

"அண்ணே, அந்த நெட்டைக்காலனை நம்ம அணி வாங்கிடுச்சு!"

"யாரு, வெட்டுக்கிளியையா?"

"அவனேதான். போன வருஷம் அவன் கால் சுளுக்கணும்னு வேண்டிக்கிட்டோமே!"

நண்டுக்கு அப்பாடா என்றிருந்தது. முதல் ஆட்டத்தில் வெட்டுக்கிளி தாவியபோது, கொடுக்கு வலிக்க வலிக்கத் தட்டியது.

"என்னண்ணே, வந்த அன்னைக்கே இவ்வளவு பாசமா?"

நண்டு தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னது.

தவளை சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது. "நான் மட்டும் என்னவாம்? மூணு வருஷமா அவன் தாவுறப்பெல்லாம் வாயில தாமரை இலையை அடைச்சுக்கிட்டுல்ல உக்காந்திருந்தேன்!"