வாய் நிறைய மத்திக் குடல்

கௌதமின் தாடை விண்விண்ணென்று தெறித்தது. குத்தியது வேறு யாருமில்லை. காலையில் ஜங்லிகாட் படகுத்துறையில் சாயா வாங்கிக் கொடுத்து, அவனைக் கடலுக்குக் கூட்டி வந்த டிங்கிப் படகுக்காரன் குணாதான்.

"சாலா! பறவையப் படம் எடுக்க வந்தியா, எங்க அண்ணனப் படம் எடுக்க வந்தியா?"

பறவையைத்தான் எடுத்தான். குணா வாளியிலிருந்து மத்திக் குடலையும் மீனெண்ணெயையும் கடலில் ஊற்ற, அந்த நாற்றத்துக்குக் கைப்பிடி அளவுக் கரும்பறவை ஒன்று வந்து, நடப்பதுபோல் தண்ணீர்மேல் தத்தியது. வெள்ளை வயிற்றின் நடுவே கறுப்புக் கோடு. மூன்று வருஷம் அலைந்து கிடைத்த பறவை. அந்தக் கோடு தெரியும் படம் இல்லாவிட்டால் எவனும் நம்ப மாட்டான்.

அதே படத்தில், பறவைக்குப் பின்னால், குணா அண்ணன் என்று சொன்ன முத்துமணியின் நம்பர் இல்லாத படகும் திருட்டுக் கடலட்டை மூட்டைகளும் விழுந்துவிட்டன.

இப்போது அந்தப் படகு டிங்கியை உரசிக்கொண்டு நின்றது. முத்துமணியின் கையில் வெட்டுக்கத்தி.

"ஆளையும் கேமராவையும் சேர்த்துத் தண்ணில தள்ளுடா குணா."

"ஆள் காணாம போனா கோஸ்ட் கார்ட் தேடும்ணே. கேமரா காணாம போனா எவன் தேடுவான்?"

குணா கேமராவைப் பிடுங்கினான். தடுக்கப் பாய்ந்த கௌதமின் வயிற்றில் ஓர் உதை விழுந்தது. அவன் மூச்சில்லாமல் சுருண்டான். குணா எதிர்ப்படகுக்கு முதுகைக் காட்டி வாளிமேல் குனிந்தான். நிமிர்ந்த வேகத்தில் கேமராவைத் தலைக்குமேல் சுழற்றிக் கடலில் எறிந்தான்.

"டேய்!" என்று அலறினான் கௌதம்.

"கத்துறியா? இந்தா தின்னு!"

ஒரு கை அழுகல் குடலை அவன் வாயில் திணித்து இறுகப் பொத்தினான் குணா. பல்லில் ஏதோ கெட்டியாக இடறியது. உடைந்த பல்லோ, மீன் செவுளோ.

"துப்புனே, செத்தே. முழுங்குனே, அப்பவும் செத்தே."

எதிர்ப்படகில் வெடிச்சிரிப்பு. "சபாஷ்டா! ஹேடோ ஜெட்டிப் பக்கம் வா, கவனிக்கிறேன்" என்று முத்துமணி கத்தியை இடுப்பில் செருகினான்.

அந்தப் படகு புள்ளியாகும்வரை குணா கையை எடுக்கவில்லை. கிழிந்த உதட்டின் ரத்தம் அவன் விரல்களில் வழிந்தது.

கை விலகியதும் கௌதம் துடுப்பைத் தூக்கினான். குணா விலகவில்லை. கௌதமின் வாய்க்குக் கீழே இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தினான்.

"மெதுவா என் கையில துப்புங்க சார், கேமரா கார்டு உள்ள இருக்கு. ஒரு குத்தும் ஒரு உதையும் உங்களுக்கு நான் பட்ட கடன்."